சிம்மை மேசையில் வைக்கவில்லை

இத்தனை சந்தோஷத்தைக் கட்டிய கணவரான உங்களிடம் எப்படிக் காட்டுவது என்று யோசித்தபடியே புடவை கட்டினேன், சுதாகரேட்டா. நாளை மஸ்கட்டில் எங்கள் பெண்கள் குழுவின் செண்டைமேளம். வேன் வந்துவிட்டது. புட்டு மூடி வைத்திருக்கிறேன், கடலைக்கறியைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

"சிம்மைக் கழட்டி வெச்சுட்டுப் போடீ. அங்க அது சும்மாதானே கெடக்கும்? ஓணம் புக்கிங்கை நான் பேசிக்கிறேன்" என்றீர்கள். சும்மா கிடக்காது. தாளம் போடும் ஷைனி அங்கே இணையத்துக்கென்று என் போனில் தனியாக ஓர் இ-சிம் ஏற்றிவிட்டாள். அதில் வாட்ஸ்அப் இந்த சிம்மின் நம்பரிலேயே ஓடும், புக்கிங் கேட்பவர்களும் அதிலேயே வருவார்கள். புக்கிங்கை நானே பேசுவேன். போன வருடம் என் போனை எடுத்து "என்னோட குழுதான், சொல்லுங்க" என்றீர்களே, மறக்கவில்லை.

பி.கு: சாவி பக்கத்து வீட்டில். என்னிடம் பேச வாட்ஸ்அப்பிலேயே கூப்பிடுங்கள், கூப்பிடாமல் இருக்காதீர்கள். சிம் என்னோடு வருகிறது.

பிரசீதா