சாம்பாரும் நாலாம் பிரிவும்

மார்ச் 3
மெயின்லேண்ட் கப்பல் இன்னும் அந்தமானுக்கு வரவில்லை. கராச்சர்மா பஜார் முழுக்கத் தேடியும் வெங்காயம் இல்லை. வெங்காயம் போடாமலே சாம்பார் வைத்தேன். சௌமியா ஒரு வாய் வைத்துவிட்டு தயிர் ஊற்றிக்கொண்டாள். சட்டக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து என் மகளுக்கு வாய் நீளம். சாம்பார் விஷயத்தில் மட்டும் மௌனம்.

லாட்ஜில் சமையல் வேலை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். லாட்ஜுக்குப் போவது நிஜம். சமையல்தான் பொய்.

மார்ச் 6
காலேஜில் விவாதப் போட்டியாம். 'விபச்சாரத்தில் பாதிக்கப்படுபவர் யாருமில்லை, சட்டப்படி அனுமதிக்கலாமா?' சாப்பிடும்போது கேட்கிறாள், "நீ என்னம்மா நினைக்கிறே?" கையிலிருந்த கரண்டி ரசத்தில் முழுகிவிட்டது. "எனக்கென்னடி தெரியும், அப்பளம் போட்டுக்க" என்றேன். அப்பளமே பொரிக்கவில்லை.

மார்ச் 7
விடமாட்டேன் என்கிறாள். எனக்கு ஏழரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கிறது.

மார்ச் 10
சட்டத்தைப் படித்துக் காட்டினாள். அந்தப் பெண் தனியாக, மறைவாகச் செய்தால் குற்றமில்லையாம். தெரிந்தே இடம் விடுகிறவன்தான் குற்றவாளி. ஓகோ, அதனால்தான் மேனேஜர் சொக்கலிங்கம் என்னைப் பார்த்ததும் ஃபேனைப் பார்க்கிறாரா? பத்து வருஷமாக அந்த மனுஷனுக்கு எதுவுமே தெரியாது.

"நாலாம் பிரிவு கேளு. பதினெட்டு தாண்டின யாரும் அந்தச் சம்பாத்தியத்துல வாழ்ந்தா உள்ளே."

மத்லப்... அப்படின்னா, பெத்த பிள்ளையுமா?

"பெத்த பிள்ளையும்தான்."

இருபதாம் தேதி இவளுக்குப் பதினெட்டு.

மார்ச் 11
அதிலும் 'தெரிந்தே' என்று போட்டிருக்கிறதாம். அப்பாடா. இவளுக்குத்தான் தெரியாதே. ஆயுசுக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மார்ச் 20
பாயசம் வைத்தேன். தொடவில்லை. தீய்ஞ்சிருக்காடி?

"தீய்ஞ்சுதான் இருக்கு. அதுக்கில்லம்மா. இன்னிலேர்ந்து உன் சோறு தின்னா நான் குத்தவாளி. கேஸ் விழுந்தா கறுப்புக் கோட்டு கிடைக்குமா?"

தலையில் இடி. உனக்கு எப்படிடி தெரியும்?

"சமையல்காரின்னு நம்பணும்னா சாம்பாராவது வாயில வைக்கற மாதிரி இருக்கணும்ல."

காலேஜை விட்டுவிட்டு வண்டூர் டூரிஸ்ட் போட்டில் டிக்கெட் கிழிக்கப் போகிறாளாம். கத்தினேன். எதுக்குடி நான் இவ்வளவு பட்டேன், உன்னைப் போட்டுல ஏத்தவா? நீ வக்கீல் ஆகலேன்னா நான் பட்டதெல்லாம் எதுக்கு? அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் பசித்தது. அவள் ஸ்காலர்ஷிப் காசில் பிஸ்கட் வாங்கித் தின்றோம்.

மார்ச் 23
காலேஜை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். தனி அரிசி, தனி அடுப்பு. அவள் சாம்பார் தெருமுனை வரை மணக்கிறது. எனக்கும் ஊற்றினாள். மகள் சம்பாத்தியத்தில் அம்மா சாப்பிட்டால் குற்றமில்லையாம், தேடிப் பார்த்துவிட்டாளாம்.

போட்டியில் என்ன பேசட்டும் என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சொன்னேன்.

"பாதிக்கப்பட்டவங்க யாருமில்லேன்னு பேசிடாதே. ஒரு கான்ட்ராக்டர் அடிச்சு இந்தப் பல்லு போச்சு. ஸ்டேஷனுக்குப் போயிருந்தா முதல்ல என்னைத்தான் உட்கார வெச்சிருப்பாங்க. லைசென்ஸ் குடுன்னும் கேக்காதே, போட்டோ ஒட்டிக் கழுத்துல மாட்டிக்கவா? அடிச்சவனைப் பிடிங்க, பிள்ளையோட சோத்துத் தட்டை விடுங்க. பஸ், அவ்வளவுதான்."

மார்ச் 25
அப்படியே பேசினாளாம். எந்தப் பக்கம் பேசினாள் என்று நடுவர்களுக்குப் புரியவில்லை. ஆறுதல் பரிசு, ஒரு ஹாட்பாக்ஸ்.

ஏப்ரல் 2
அந்த ஹாட்பாக்ஸில் அவள் சாம்பாரைக் கட்டிக் கொடுத்தாள். "சமையல்காரி ஒரு நாளாவது நல்ல சாம்பார் கொண்டு போகட்டும்." லாட்ஜில் சொக்கலிங்கம் மூடியைத் திறந்து விரல் விட்டு நக்கினார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். யார் வைத்தது என்றார். நான்தான் என்றேன். "நம்ம சமையல்காரன் மாயாபந்தர் போயிட்டான். நீ வர்றியா?"

சௌமியாவிடம் சொன்னேன். "லாட்ஜை மூடறதுக்கா?" என்றாள். ஆனாலும் பருப்பு டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

மே 14
சமையற்கட்டில் ஒரு மாதம் ஓடிவிட்டது. கூலி குறைச்சல், முதுகுவலி கூடுதல். லாட்ஜுக்கு இன்னும் வந்து போகும் ரெங்கம்மாவின் மகனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. அவளும் அவனிடம் சமையல் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். நல்லவேளை, அவன் சட்டம் படிக்கவில்லை.

இன்று வீட்டில் ஓர் அடுப்புதான் எரிந்தது. என் கூலி, என் சாம்பார். சௌமியா இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள். தயிர் கேட்கவில்லை.