வெள்ளிக்கு விபூதி

ஜூலை 31, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஆபீஸில் பிரிண்டர் மறுபடி மக்கர்.

ஜித்ராவிலிருந்து அக்கா வந்தாச்சு. என் வீட்டுக்காரர் இவருடைய மூத்த அக்கா. நாளைக்கு ஆடி வெள்ளி, பூசை எங்கள் வீட்டில். கொண்டு வந்தது ஒரு பை முறுக்கு, ஒரு பை குறை. "என்னாம்மா கோமதி, குத்துவெளக்கு இப்பிடி மங்கிப் போயி கெடக்கு? வீட்டுல பொம்பள இருக்காளா இல்லயா?" இருக்கிறாள். பகல் முழுக்க ஆபீஸில் இருக்கிறாள்.

சனிக்கிழமை நாணயச் சங்கக் கண்காட்சி, அலோர் ஸ்டார். எடுத்து வைக்க: மேஜை விளக்கு, பூதக்கண்ணாடி, கறுப்பு வெல்வெட் துணி, எட்வர்ட் ராஜா.

சாப்பிட்ட பிறகு ராஜாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்து ஒரு டாலர் காசு, எட்வர்ட் ராஜா தலை போட்டு அசல் வெள்ளியிலேயே அடித்தது. கரங்கானில் ஒரு குடும்பத்திடம் வாங்கியது. அவர்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டிக்குள் காகிதம் சுற்றி, யார் கையும் படாமல் கிடந்த காசு. ஓரத்தில் மயில் கழுத்து நீலம், உள்ளே வர வரச் செம்பு நிறம், நடுவில் சாம்பல். இதெல்லாம் அழுக்கு இல்லை. காலம் தானாகப் பூசியது. விளக்கடியில் சாய்த்தால் மினுக்கம் காசைச் சுற்றி ஓடும். அது ஓடினால்தான் மேல்தோல் அசல். துடைத்த காசில் ஓடாது, தகரம் மாதிரி மொத்தமாகப் பளிச்சென்று நிற்கும்.

போன வருஷம் கண்காட்சியில் நடுவர் சார் இதே காசைப் பார்த்து எல்லார் முன்னாலும் சொன்னது: "கோத்தோர் லா, கோமதி. அழுக்கா இருக்கு. கொஞ்சம் கழுவிக் கொண்டாந்திருக்கலாம்." பக்கத்து மேஜைக்காரர்: "புருஷன் சேர்த்ததா அக்கா?" நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. இந்த வருஷம் விட மாட்டேன். என் விளக்கில் சாய்த்துக் காட்டப் போகிறேன். பார்க்க அழகான காசுக்குத் தருகிற கண்ணழகுப் பரிசு கிடக்கட்டும். அந்த ஆள் வாயால் ஒரு தடவை அழகு என்று சொல்ல வேண்டும்.

எங்கு பார்த்தாலும் ஈரம். ராஜாவை சாமி அறை அலமாரியில் வைத்தேன். அங்கேதான் காய்ந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

 பூசை முடிந்து எழுதுகிறேன்.

பூ வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்புவதற்குள். குத்துவிளக்கு, சொம்பு, குங்குமச் சிமிழ், எல்லாம் அக்கா தேய்த்து வரிசையாக. நடுவில் தாம்பாளத்தில் ராஜா. வெள்ளை வெளேரென்று.

"புளி பித்தளைக்கு. வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேச்சாத்தான் எடுப்பா இருக்கும். இந்தக் காசு எம்புட்டுக் கறுப்பு! தேச்சுத் தேச்சு எனக்குக் கையே வலிக்குது போ."

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

"லெச்சுமி முன்னால கறுப்புக் காசையா வெக்கிறது?"

லெச்சுமியாம். எட்வர்ட் அது. தாடி வைத்த எட்வர்ட். தாடிக்குள் விபூதி அடைத்து இன்னும் கிழவனாகி விட்டான்.

கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஜன்னலைத் திறந்தார். திறக்கட்டும். விளக்கடியில் சாய்த்தேன். ஓடவில்லை. முகம் முழுக்க மயிரிழைக் கீறல், எல்லாம் ஒரே பக்கமாக, அக்கா கை போன பக்கமாக.

இவர்: "நல்ல மனசோடதான செஞ்சாங்க. பாரு, முன்னைக்கு இப்ப பளபளன்னுதான இருக்கு." நல்ல மனசு! நாளைக்கு இவர் காருக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன், நல்ல மனசோடு.

கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி இல்லை, தாம்பாளத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சுண்டலில் உப்பு போட மறந்துவிட்டேன். எல்லாரும் அப்படியே தின்று முடித்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேஜைக்குப் பெயர் கொடுத்தாச்சு. அதற்குள் அக்கா பட்டுப் புடவை கட்டிக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நான் தேச்ச காசு பரிசு வாங்குதான்னு பாக்கணும்."

மற்ற காசுகளை மட்டும் அடுக்கினேன். ராஜா பைக்குள்ளேயே. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், வெல்வெட்டின் நடுவில் ராஜா! வேறு யார், அக்காதான். சுற்றிலும் கூட்டம். "வாவ், சந்தேக் லா, என்னா அழகு!" "புதுசு மாரியே இருக்கு!" ஆளுக்கு ஒரு போட்டோ.

நடுவர் சார் வந்தார். குனிந்தார். "இதுதான் கண்ணழகு! போன வருஷம் நான் சொன்னதக் கேட்டீங்கல்ல, கோமதி? பரிசு இதுக்குத்தான்." சாய்த்துப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி அவர் சட்டைப் பையில் தூங்குகிறது. நான் ஒரு வருஷமாகக் கேட்க ஏங்கின வார்த்தை. கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், இது தேய்ச்ச காசு."

"என்னாம்மா?"

"விபூதி போட்டுத் தேய்ச்சது. தாடியில பாருங்க, இன்னும் இருக்கு. கீறலப் பாருங்க. இதுக்கு மார்க்கே போடக்கூடாது. நீங்க அழுக்குன்னு சொன்னீங்களே சார், அதுதான் அழகு. அது போயிருச்சு."

என் விளக்கைப் போட்டு அவர் மூக்குக்கு நேரே சாய்த்தேன். "சின்ன விசயம் லா, இதுக்குப் போயி" என்று அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். பரிசு அந்த மேஜைக்கு. அதுவும் துடைத்த காசுதான்.

 காரில் திரும்பும் வழியில், குருண் ஊருக்குப் பக்கத்தில் அக்கா: "சபையில நான் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டியே."

"கெடுத்தது நீங்கதான?"

சொல்லியிருக்க வேண்டாம். இல்லை, சொல்ல வேண்டியதுதான். சாயங்கால பஸ்ஸில் ஜித்ராவுக்குக் கிளம்பிவிட்டார். முறுக்குப் பையை விட்டுவிட்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிரிண்டர் சரியாகிவிட்டது. நான் ஆகவில்லை.

சங்கத்து வாட்ஸப்பில் சார்: "சில உறுப்பினர்கள் சபை நாகரிகம் பழக வேண்டும்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எட்வர்ட் தாடியைப் பெரிதாக்கிப் படம் எடுத்து, விபூதியோடு போட்டேன். அப்புறம் ஒரு கையும் வரவில்லை.

காசைத் தேய்க்கக்கூடாதென்று அக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடுவர் சாருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தானே அவருக்கு மாலை, மைக். யார் மேல் கோபம் அதிகம்? தெரியவில்லை. ரெண்டு பேர் மேலும் இருக்கட்டும்.

இவர் முறுக்கு தின்கிறார். நொறுநொறு சத்தம். இவர் மேலும்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மறுபடி மழை. விளக்கை நானே தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் புளி.

அக்கா போன்.

"கோவமா?"

"ஆமா."

"எனக்குந்தான்."

 பிறகு அக்கா: "அந்தக் காச எனக்குக் குடுத்துரு. ஒனக்குத்தான் புடிக்கலயே. எங்க சாமி ரூம்புல வெச்சுக்கிறேன். என் கண்ணுக்கு அது அழகுதான்."

முடியாது என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த சாமி அறை ஞாபகம் வந்தது. காலை மாலை சாம்பிராணி. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, படத்துக் கண்ணாடிகூட மங்கல்.

"தரேன். ஆனா தொடக்கூடாது. தொடைக்கக்கூடாது. விபூதி டப்பாவ அந்தப் பக்கமே கொண்டு போகக்கூடாது."

"ஐயையோ, அப்பிடியே விட்டா பொகையில கறுத்துப் போயிருமேம்மா!"

"கறுக்கட்டும்க்கா!" குளியலறையிலிருந்து இவர் தலையில் சோப்போடு எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "நல்லாக் கறுக்கட்டும்!"