சாயமில்லாத பச்சை

ஓசூர்
3-8-2025

அன்புள்ள எழிலுக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். நீ லீவில் வந்தபோது உன் பையில் ஒரு 3டி கண்ணாடி பார்த்தேனே, யாரோடு போன படம் அது? என்னோடு வர உனக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் லேப். அங்கே உன்னோடு வேலை செய்யும் அந்த மணிகண்டபிரபு. நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்குள் ‘பிரபு சொன்னார்’ வந்துவிடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது எழில். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு.

உன் கணவன்,
ஜெபகுமார்

ஒரகடம்
9-8-2025

என் அன்பானவருக்கு,

வாரம் ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், சூடு தலைக்கேறியிருக்கிறது. படம் பார்த்தது பிரபுவும் அவர் மனைவியும். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் லேபுக்குக் கொண்டுவந்துவிட்டார். லேபில் அதற்கு ஒரு வேலை உண்டு என்று நான் வாங்கி வைத்தேன்.

மரக்கூழை அமிலத்தில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் மிஞ்சும். தண்ணீரில் கலந்து தட்டில் ஊற்றினால், காயக் காய அவை தாமாகவே அடுக்கடுக்காகப் படுக்கும். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கும், சுழல் படிக்கட்டு மாதிரி. அந்தத் திருப்பம்தான் நிறம் காட்டுகிறது, சாயம் ஒரு சொட்டும் இல்லை. திரும்பி வரும் வெளிச்சமும் இடப்பக்கம் சுழல்வதால் அந்தக் கண்ணாடியில் ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். தட்டு ஆடினாலோ ஃபேன் காற்று பட்டாலோ நிறம் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை போவது அதற்குக் காவலிருக்க.

உங்கள் சந்தேகத்தைப் பிரபுவிடம் சொன்னேன். “இன்னாம்மா இது, கண்ணாடியவே அனுப்பிடு. பாத்துகினு சும்மா இருப்பாரு” என்று சிரித்தார். கண்ணாடியோடு, தட்டில் அப்படிக் காய்ந்த பிலிம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள்.

மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வேலை எனக்கு உயிர். ஆனாலும் உங்களோடு இருக்க ஆசையாக இருக்கிறது.

உங்கள்
எழிலரசி

ஓசூர்
14-8-2025

என் கண்ணே,

பார்த்தேன்! ஒரு கண்ணில் மயில்கழுத்துப் பச்சை, மறு கண்ணில் ஒன்றுமே இல்லை. நீ சொன்னது அத்தனையும் நிஜம். என் ஷிப்டில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்டார்கள், விஷயத்தைச் சொன்னேன். “உன் பொண்டாட்டி தங்கம்டா” என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். மனசு லேசாகிவிட்டது.

ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லேபில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தானா? கேமரா இருக்குமே, அந்தப் பதிவை வாங்கி அனுப்பு. அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்கமாட்டேன்.

உன்
ஜெபா

ஒரகடம்
20-8-2025

திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

நலம். நான் யாரோடு படம் பார்த்தேன் என்பதை உங்கள் ஷிப்டே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. படித்ததும் உடம்பு கூசிப்போனது. தட்டில் காய்ந்த மரக்கூழ் சொன்னதை நம்பினீர்கள். அதையேதான் நானும் எழுதியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபு வரவேயில்லை. நான் தனியாகத்தான் இருந்தேன். கேமராவில் அது இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கேட்கமாட்டேன்.

ராஜினாமாவை நேற்றுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பதிவு வராது. நானும் வரமாட்டேன்.

எழிலரசி