முழங்காலுக்கு மரியாதை

சியோல்,
மார்ச் 6

சோராவின் அம்மாவுக்கு,

இன்று காலை, நன்கு யோசித்து, பின்விளைவுகளை எல்லாம் எடைபோட்டுப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்தேன். அரைக்கால்சட்டை வாங்குவது. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய முடிவுகளில் இது சிறியதல்ல. என் அப்பா கடலில் குளிக்கும்போதுகூட முழுக்கால்சட்டையைக் கழற்றியதில்லை. ஆனால் உடற்பயிற்சியாளர் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வில் தொடை தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியில் இரண்டு சொற்களை இடைவெளி விடாமல் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். இருந்தாலும் விதி விதிதான். கறுப்பு நிறத்தில் வாங்கினேன்.

ஆம், உடற்பயிற்சியாளர். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பதிப்பகத்தில் அகராதிப் பிரிவை மூடிய பிறகு பிழைதிருத்துபவனுக்கு இந்த நாட்டில் யாரும் வேலை தருவதாக இல்லை. பிழைகளோடு வாழப் பழகிவிட்டார்கள். நீயும் நவம்பரில் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நின்று, "நம்ம கல்யாணப் படிப்பு முடிஞ்சுது, நான் பாஸ் பண்ணிட்டேன், போறேன்" என்றாய். நம் வயதுக்காரர்கள் இப்போது விவாகரத்து என்பதில்லை, இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பொருளில் அந்தச் சொல் இன்னும் அகராதியில் ஏறவில்லை என்று நான் சுட்டிக்காட்டுவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

போன வாரம் சோரா ஒரு விளம்பரம் அனுப்பினாள். உங்கள் தோங்யோங் முதியோர் மன்றத்துக்கு அடுத்த ஜனவரி முதல் உடற்பயிற்சி ஆசிரியர் தேவை, அரசு உரிமம் கட்டாயம். உரிமம் கிடைத்தால் நான் அங்கே வரலாம். வேலைக்காக ஊருக்கு வந்த ஒருவனாக. கணவன் திரும்பி வந்துவிட்டான் என்று உன் அக்கா அப்போது வாய் திறக்க முடியாது.

எழுத்துத் தேர்வு ஏப்ரல் கடைசியில். வருடத்துக்கு ஒரே முறைதான். தசைகளின் பெயர்கள் பரவாயில்லை, யாரோ ஒழுங்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாட்டு அறவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் நான்கு விடைகளும் நல்லவையாக இருக்கின்றன. மிக நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

தொலைபேசியில் உன் வாக்கியம் முடிவதற்குள் நான் திருத்துகிறேன், கடிதத்திலாவது அது முடியும்வரை காத்திருப்பேன் என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். காத்திருந்தேன். உன் சென்ற கடிதத்தைத் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கு போன்சிக்


தோங்யோங்,
மார்ச் 15

சோராவின் அப்பாவுக்கு,

என் கடிதம் எனக்கே வந்து சேர்ந்தது. கம்பளிப்போர்வையை அனுப்பும்படி எழுதியிருந்தேன். கம்பளிக்கும் போர்வைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறீர்கள். இடைவெளி வந்துவிட்டது. போர்வை வரவில்லை.

அரைக்கால்சட்டையைப் பற்றிச் சிரிக்கவில்லை. குளிர் போகும்வரை வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பழகுங்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு இரத்த அழுத்தம்.

அக்கா கடையில் நெத்திலி பிரிக்கும் வேலைக்குத் தாழ்வான முக்காலியில் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கிறது. முழங்கால் மடங்கினால் நிமிர்வதில்லை. தொடை வலுவானால்தான் சரியாகும் என்று மருத்துவர் சொன்னதால் அதே முதியோர் மன்றத்து வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இப்போதைக்குத் தற்காலிகமாக ஹாரிம் என்ற பெண் சொல்லித்தருகிறாள். சோராவைவிடச் சின்னவள். முதல் நாள் என் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இப்ப இடுப்பு மெதுவா பின்னாடி போவாங்க. முழங்கால் அவங்களுக்கு எவ்ளோ முடியுமோ அவ்ளோ மடங்கிக்குவாங்க. வலிச்சா அங்கேயே நின்னுக்குவாங்க, சரியா?" என்றாள்.

பக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருத்தி. "என் முழங்கால் எங்கடி நிக்கறாங்க? காலையிலேருந்து உக்காந்துக்கிட்டுத்தானே இருக்காங்க!" என்றாள். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தும் அதுவே காதில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னை 'நீ' என்கிறீர்கள். தப்பில்லை, ஊர் வழக்கம். ஆனால் என் முழங்காலைப் பார்த்து ஒருத்தி 'அவங்க' என்றது இதுதான் முதல் தடவை.

இது பிழை என்று எனக்கும் தெரியும். திருத்தி அனுப்ப வேண்டாம்.

யோம் ஜோங்நே


சியோல்,
மே 20

சோராவின் அம்மாவுக்கு,

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அறவியலில் மட்டும் மயிரிழையில். வினாத்தாளிலிருந்த தவறுகளை ஓரத்தில் குறித்திருந்தேன். அதற்கு மதிப்பெண் தரவில்லை.

உன் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாய். 'அவங்க' என்பது பிழை. தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தவும்.

ஜூலையில் செய்முறைத் தேர்வு. அதற்காக நம் தெருமுனையில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சி தரும் குன்வூவுக்குக் கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. நல்ல பையன், என் வயதுக்காரர்களை எல்லாம் அப்பா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

"அப்பா, தோள்பட்டை கொஞ்சம் கீழ இறங்கிக்குவாங்க" என்றான்.

"யாரு?"

"தோள்பட்டை."

"தோள்பட்டை யாரு, உன் மாமனாரா? அஃறிணைடா அது."

அவன் கவலையோடு கையிலிருந்த எடையைக் கீழே வைத்தான். "அஃறிணையா? அது எந்தத் தசை, அப்பா? பரீட்சைல வருமா?"

அவனும் இந்தத் தேர்வில் தேறியவன். உரிமத்தைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.

மூச்சும் அவனுக்கு மரியாதைக்குரியவர்தான். "மூச்சு வெளிய வந்துருவாங்க." இரும்புத் தட்டும் அப்படியே. "இருபது கிலோ வர்றாங்க, புடிச்சுக்கங்க." இந்த ஜிம்மில் மரியாதை இல்லாமல் நடத்தப்படுவது மொழி மட்டும்தான்.

செய்முறைத் தேர்வில் முதலில் உடலைக் காட்டி நிற்கும் நிலைகள். முதுகை விரித்து, வயிற்றை எக்கி, புன்னகைக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை. முதுகு விரியும்போது புன்னகை போய்விடுகிறது. பிறகு வாய்மொழித் தேர்வு. தேர்வாளரை முதியவராகப் பாவித்து ஒரு பயிற்சியைச் சொல்லித்தர வேண்டும்.

"அதுல கனிவா பேசலன்னா போச்சு, அப்பா" என்கிறான் குன்வூ. "மடக்குங்கன்னு மொட்டையா சொல்லாதீங்க. மடங்கிக்குவாங்கன்னு சொல்லுங்க."

"மடக்குங்கள் என்பதே மரியாதைதான்டா. ஆளுக்குக் கொடுத்த மரியாதை. காலுக்கு எதுக்கு?"

"காலுதானேப்பா வலிக்குது."

இப்படிப்பட்டவர்களோடு வாதாட முடியாது.

போர்வையைத் தேடினேன். எந்த அலமாரி என்று எழுதவும்.

அன்புடன்,
போன்சிக்


தோங்யோங்,
ஜூன் 18

சோராவின் அப்பாவுக்கு,

தேறியது கேட்டுச் சந்தோஷம். அக்காகூட, "அவருக்கு உடம்புல தசை இருக்கா?" என்று அன்பாக விசாரித்தாள்.

போர்வை வேண்டாம். இங்கே வெயில் வந்துவிட்டது.

ஒரு விஷயம். நான் இருக்கும் ஒற்றை அறைக்கு மேலே, மாடியில், இரண்டு அறை வீடு காலியாகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். வீட்டுக்காரர் என்னிடம்தான் முதலில் கேட்டார். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என் ஒற்றை அறைக்கும் அப்போதுதான் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. படி கொஞ்சம் செங்குத்து. "ஏறிக்குவாங்க அம்மா, அவசரப்படாம ஏறிக்குவாங்க" என்கிறாள் ஹாரிம். ஏறிப் பார்த்தேன். ஏறிக்கொண்டார்கள்.

எனக்கு ஒருத்திக்கு இரண்டு அறை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தேர்வு முடிவு எப்படி வந்தாலும் எனக்கு ஒன்றுதான். மன்றத்து வேலை கிடைக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த மாடிப்படியில் பாதியில் நான் நின்றுவிட்டால், பின்னால் வரும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இந்தக் காலிடம் எப்படிப் பேசுவீர்கள்? யோசித்து எழுதுங்கள். நான்கு விடைகளில் ஒன்றுதான் சரி என்று நினைக்க வேண்டாம்.

ஜூலைக்குள் எழுதுங்கள்.

ஜோங்நே


சியோல்,
ஜூலை 14

சோராவின் அம்மாவுக்கு,

தோற்றுவிட்டேன். எப்படி என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தவறு என்னுடையதல்ல.

உடலைக் காட்டும் நிலைகளில் பிழையில்லை. எனக்கு முன்னால் எண்ணெய் பூசிய இளைஞர்கள். நான் கறுப்பு அரைக்கால்சட்டையில் முதுகை விரித்தேன், புன்னகைத்தேன். ஒரு தேர்வாளர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனாலும் அந்தப் பகுதியில் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பெண்மணி. "ஐயா, நான் எழுபது வயசு அம்மான்னு வெச்சுக்கங்க. முழங்கால் வலி. உக்காந்து எழுந்திருக்கற பயிற்சியச் சொல்லிக்குடுங்க" என்று எழுந்து என் எதிரில் நின்றார்.

"முழங்காலை மடக்குங்கள்" என்றேன்.

"பயமா இருக்குங்களே."

"பயப்படாதீர்கள். மடக்குங்கள்."

"வலிக்குதே!"

"எந்த இடத்தில் என்று துல்லியமாகச் சொல்லவும்."

அவர் நடிப்பதை நிறுத்தினார். "ஐயா, பதிலெல்லாம் சரிதான். அந்தம்மாவுக்காகக் கொஞ்சம் கனிவா சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். குன்வூ இரண்டு மாதமாகச் சொல்லித்தந்ததுதான். "முழங்கால்" என்று ஆரம்பித்தேன். "மடங்கிக்கு" வரை வந்தேன். விகுதியில் நாக்கு நின்றுவிட்டது. ஒரு கால் மூட்டைப் பலர்பாலில் அழைக்க என் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே மீதி நேரத்தில், மரியாதை விகுதி ஏன் உயர்திணைக்கு மட்டுமே உரியது என்பதை எடுத்துக்காட்டுகளோடு விளக்கினேன். தேர்வாளர்கள் மூவரும் குறிப்பெடுத்தார்கள். இலக்கணத்தைக் குறிப்பெடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எழுத்துத் தேர்வில் பெற்ற தேர்ச்சி அடுத்த வருடமும் செல்லும். செய்முறையை மட்டும் மீண்டும் செய்தால் போதும். ஆகவே மாடி வீட்டை அடுத்த வருடம்வரை நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல். உரிமம் இல்லாமல் அங்கே வந்து நான் என்னவாக இருப்பேன்?

அன்புடன்,
போன்சிக்


தோங்யோங்,
ஜூலை 22

சோராவின் அப்பாவுக்கு,

தேர்வு வருடத்துக்கு ஒருமுறை வரும். வீட்டுக்காரர் அப்படி வருபவர் அல்ல.

தேர்வு முடிவு எனக்கு ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன். கேள்வியும் கேட்டிருந்தேன். அந்தக் கடிதத்தை நீங்கள் திருத்தி அனுப்பவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம், படித்தீர்களா என்று.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஜோங்நே


சியோல்,
ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய முழங்கால் அவர்களுக்கு,

தாங்கள் நலம்தானா?

தாங்கள் வலது முழங்காலா, இடது முழங்காலா என்பது எனக்குத் தெரியவில்லை. தங்களைப் பற்றி எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. நான் விசாரிக்கவில்லை. தசையின் பெயரைச் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை ஜூலையிலேயே எழுத உட்கார்ந்தேன். முதல் வரியையே எழுதுவதும் கிழிப்பதுமாக மாதம் முடிந்துவிட்டது. தாங்கள் அஃறிணை. எனக்கு அது இப்போதும் தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

இந்த வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது என்பது தங்களுக்கு நினைவிருக்கும். அரிசி மூட்டையோடும், கிம்சி ஊறுகாய் ஜாடியோடும், தூங்கிவிட்ட சோராவோடும் தாங்கள்தான் ஏறினீர்கள். நான் பின்னால் புத்தகப் பையோடு வந்தேன். நடுவில் தாங்கள் நின்றபோது, "என்ன, நின்னுட்டே?" என்று கேட்டிருக்கிறேன். இலக்கணப்படி சரியான வாக்கியம்.

நேற்று குன்வூவிடம், படியில் ஒருவர் நின்றுவிட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா. நானும் நின்னுக்குவேன்" என்றான். அவனைத் திருத்த எதுவும் இல்லை.

தங்களுக்குப் பின்னால் ஒரு படி கீழே நிற்பதற்கு உரிமம் வேண்டுமா என்று விதிப்புத்தகத்தில் தேடினேன். வேண்டாம் போலிருக்கிறது. மன்றத்து வேலைக்கு வேறு யாராவது வரட்டும். ஹாரிமே இருக்கலாம். நான் நெத்திலி பிரிக்கக் கற்றுக்கொள்கிறேன். தாழ்வான முக்காலியில் உட்கார என் முழங்கால்கள் சம்மதிப்பார்கள்.

தங்களோடு இருப்பவரை 'நீங்கள்' என்று கூப்பிட, வீட்டில் ஆளில்லாதபோது சொல்லிப் பார்க்கிறேன். ஆளில்லாதபோது என்பது எப்போதும்தான். வாய் கொஞ்சம் பழகியிருக்கிறது.

மாடி வீட்டைப் பற்றி அவரிடம் பேசுவீர்களா? எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கு போன்சிக்


தோங்யோங்,
ஆகஸ்ட் 10

சோராவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இடது.

அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

கீழ் அறைக்கு ஜூலை முப்பத்தொன்றாம் தேதி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மாடி வீட்டுக்குத் திங்கட்கிழமை ஒரு பல் மருத்துவர் குடிவந்தார்.

ஜோங்நே