மாமா நம் வீட்டில் தங்கிய காரணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படியை இப்போது நடுவில் நிற்காமல் ஏறிவிடுகிறார். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஒரே அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறாய், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவாய், நான் சொல்லப்போவது அவர்கள் காதில் விழுந்தால் உனக்குத்தான் சங்கடம். அவர்களுக்கும் தேவையான விஷயம்தான், நீ படித்துவிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்.

முதலில் என் சங்கதி. ரப்பர் கம்பெனியில் கையுறை சோதிக்கிறேன் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பிரிவிலிருந்து என்னை மாற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது நான் சோதிப்பது ஆணுறை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கையுறையும் உறை, இதுவும் உறை, பாதிப் பொய்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முதல் வாரம் தலையே நிமிரவில்லை. ஆனால் என் குணம் உனக்குத் தெரியும், ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அது எப்படி, ஏன் என்று துருவாமல் எனக்குச் சோறு இறங்காது. இரண்டாவது வாரத்திலிருந்து எங்கள் மேற்பார்வையாளரைப் பிடித்துக்கொண்டேன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மனிதர், உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், நான் கேட்கிற கேள்விக்கு முதலில் அவர்தான் வெட்கப்பட்டார். ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியில் மாட்டி மின்சாரம் வைத்துப் பார்க்கிறார்கள், ஓட்டை இருந்தால் மின்சாரம் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு மேலும் நம்பாமல் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து எங்களிடம் கொடுப்பார்கள். முந்நூறு மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, பிறகு உறிஞ்சுதாள்மேல் உருட்டிப் பார்ப்போம், ஊசி முனை ஓட்டை என்றாலும் தாளில் ஈரப்பொட்டு விழும். இன்னொரு பெட்டியில் வைத்து வெடிக்கும்வரை காற்றை அடிப்போம், ஒரு குடத்துத் தண்ணீரைவிட அதிகமான காற்றைத் தாங்கும், பார்த்தால் நீ நம்ப மாட்டாய். எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். நீங்களே செய்து பாருங்கள் என்றார். என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் வைத்திருந்து காற்றை அடித்தேன், மற்றது தாங்கியதில் பாதி கூடத் தாங்கவில்லை, டப்பென்று போய்விட்டது. அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டு அனுப்புவதை வாங்குகிறவன் எதையாவது தடவிப் பாழாக்கினால், அவனுக்கு யார் சொல்லுவார்கள்? சொல்லுகிற இடத்தில் இருந்த நானே வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

இனிதான் விஷயம். நம் ஸ்டெப்னி மாமா நாலரை மாதம் உன் அறையில் தங்கியிருந்தான் அல்லவா, அவன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். யார் வராவிட்டாலும் அந்த லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன் என்றுதானே அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா முடிவெட்டப் போன நேரத்தில் அடுக்களைக்கு வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, டீசல் பட்டதால் இப்படி ஆகுமா என்று கேட்டான். செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது, அரிப்பு இல்லை, உள்ளங்காலிலும் அதே மாதிரி. டீசல் உள்ளங்காலுக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்க, கேள்விமேல் கேள்வி போட்டதில் உண்மை வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் தூரத்து ஊர் ஒன்றில் லாரி பழுதாகி, உதிரி பாகம் வருவதற்காக நாலு நாள் காத்துக் கிடந்திருக்கிறான். அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம். திரும்பி வந்து சில வாரத்தில் மறைவிடத்தில் ஒரு புண், வலியே இல்லை, தானாக ஆறிவிட்டது, விட்டது சனியன் என்று இருந்துவிட்டான். எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் கேள்விதான் வந்தது. அக்கா தினமும் அதைத்தானே பார்த்துப் பார்த்து அனுப்புகிறேன், ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ள என்ன வந்தது என்றேன். கடையில் கேட்க வெட்கமாக இருந்ததாம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "ஆளைப் பார்த்தா நல்லாத்தான்க்கா இருந்தா." நான் சொன்னேன், "அவளும் உன்னைப் பார்த்து அதையேதான்டா நினைச்சிருப்பா."

அத்தைக்கு அப்போது ஆறாம் மாதம். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, விஷயத்தைச் சொல்லாமல் சத்து ஊசி என்று சொல்லி அவளுக்கும் மருந்து போட வழி பண்ணு என்று கெஞ்சினான். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க நானும் அது நல்ல யோசனை என்றே நினைத்தேன். குடும்பம் கலைய வேண்டாமே என்ற சபலம். மறுநாள் கம்பெனி நர்சம்மாவிடம் போய், தெரிந்தவர் ஒருவருக்கு என்று ஆரம்பித்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தத் தெரிந்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, மனைவி முழுகாமல் இருக்கிறாளா என்றுதான் முதலில் கேட்டார். அது மேகப்புண், சிபிலிஸ் என்பார்கள், புண்ணும் தடிப்பும் தானாக மறையும், நோய் மறையாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்றார். அத்தைக்கு மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்ததே என்று கேட்டேன். அது அன்றைய நிலவரம், பிறகு ஒட்டியதை அது எப்படிச் சொல்லும் என்றார். வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், பிள்ளையே தங்காமலும் போகலாம், ஆனால் பிரசவத்துக்கு முன்னால் சீக்கிரம் ஊசி போட்டுவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். சத்து ஊசி யோசனையைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறிவிட்டது. "அவங்க உடம்பும்மா அது. என்ன ஊசின்னு தெரியாம நான் யாருக்கும் போட மாட்டேன்."

அன்று சாயங்காலமே மாமாவை இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். இவன் ஒருவழியாகச் சொல்லி முடித்தான். அவள் கையில் இருந்த தையலைக் கடைசிவரை ஓட்டி, நூலை வெட்டிவிட்டு, என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். தேதியைச் சொன்னான். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் அவள் வாந்தி எடுத்துக் கிடந்த வாரம் அது. அவனைப் பார்க்கவே இல்லை. உங்கள் தம்பியை உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுங்கள் என்றாள். நான் வாசல்வரை வந்ததும் பின்னாலேயே வந்து கேட்டாள், "அண்ணி, காலைல டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?" அந்தத் தைரியம் எனக்கு வருமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் ரத்தத்தில் நோய் இருந்தது. இரண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள். எச்ஐவியும் பார்த்தார்கள், இல்லை, சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் தகவல் சொல்லச் சொன்னார் டாக்டர், அவளும் யார் பெற்ற பிள்ளையோ, மாமா போனில் பிடித்துச் சொல்லிவிட்டான். ஊசி போட்டுவிட்டு வரும் வழியில், மறைத்துப் போடலாம் என்று நானும் ஒரு நாள் நினைத்ததை அத்தையிடம் சொல்லிவிட்டேன். "மறைச்சுப் போட்டிருந்தாலும் பிள்ளை பொழைச்சிருக்கும் அண்ணி. ஆனா அப்புறம் இந்தக் குடும்பத்துல யார் எது குடுத்தாலும் என்னன்னு யோசிச்சுத்தான் குடிச்சிருப்பேன்," என்றாள். போன மாதம் பிறந்த குழந்தையின் போட்டோவைப் பார்த்து மூக்கு யார் ஜாடை என்று கேட்டாயே, அந்த மூக்குக்காரிக்குப் பிறந்த அன்றே ரத்தம் எடுத்துச் சோதித்து, கண், எலும்பு என்று எல்லாம் பார்த்துவிட்டு, பயமில்லை, இன்னும் சில தடவை மட்டும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். மாமா போன வாரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அத்தை அவன் கையில் குழந்தையைக் கொடுக்கிறாள், அவனோடு சிரித்துப் பேசுவது இன்னும் இல்லை. அது அவள் இஷ்டம், நான் பரிந்து பேசப் போகவில்லை. இதை உனக்கு எழுதட்டுமா என்று இருவரையும் கேட்டேன். கட்டாயம் எழுதச் சொன்னது மாமாதான்.

உனக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். இருந்தாலும், நாளைக்கு வந்தாலும், ஒவ்வொரு தடவையும் உறை வேண்டும், ஆரம்பத்திலிருந்தே, பாதியில் அல்ல. வாங்கும்போது தேதியைப் பார். பர்சில் வைத்து மேலே உட்காராதே, சூடும் உரசலும் அதற்கு ஆகாது. பல்லால் கடித்துக் கிழிக்காதே, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போடு, ஒன்றின்மேல் ஒன்று இரண்டு போட்டால் பத்திரம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே, உரசிக் கிழியும். எண்ணெய்க் கதையைத்தான் சொல்லிவிட்டேன். உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அதன் வழியாகவும் ஒட்டும் என்றார் நர்சம்மா, அதனால் வலிக்காத புண்ணானாலும் மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவாமல் டாக்டரிடம் காட்டு. இதோடு பார்சலில் நாலு பாக்கெட் அனுப்பலாம் என்று நினைத்தேன், அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்து வீணாகும் என்று சோடாபுட்டிக்காரர் தடுத்துவிட்டார், ஆகவே அங்கேயே வாய்விட்டுக் கேட்டு வாங்கு. வேறு சந்தேகம் இருந்தால் எனக்கு எழுது, தெரியாததை நர்சம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன், அந்தச் சாக்கில் நானும் தெரிந்துகொள்வேன்.

அப்பாவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசும் படித்தார், மூன்று இடத்தில் ஒற்றெழுத்தைத் திருத்திவிட்டு, நாளைக்கே தபாலில் சேர்த்துவிடு என்றார்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தவர்களோடு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள். முடிவு என்னவென்று என்னிடம் சொல்ல வேண்டாம். போய்விட்டு வந்தேன் அம்மா என்று மட்டும் சொல், எனக்கு அது போதும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா