தொட்டில் நடந்த தூரம்

சுங்கை சிப்புட்
12.4.2020

அன்புள்ள கலாதேவிக்கு,

சுகமா? இங்கே அம்மா, தங்கை பெட்ரீசியா, நான் மூவரும் சுகம். கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வீட்டில் இருப்பது அம்மாவின் ஒரே போன். தங்கையின் பள்ளிப் பாடம் முழுவதும் அதில்தான். கோச் கார்த்திகேசு கேட்ட அடிக் கணக்கை அனுப்ப மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைக்கும். வீட்டில் பேச மட்டும்தான் லைன் உண்டு; பாடமோ படமோ, தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறினால்தான் வரும்.

இந்த ஊரடங்கில் உடையப்பன் அண்ணனின் காய்கறி லோரிக்கு மட்டும் ஈப்போ போக அனுமதி இருக்கிறது. உன் அப்பா அந்தச் சந்தையில்தானே மூட்டை இறக்குகிறார்? "அண்ணே, ஒரு கடிதம் கொண்டு போறீங்களா?" என்றேன். "கொண்டு போறேன்லா, காதல் கடிதமா?" என்றார். "என் எதிரிக்கு அண்ணே" என்றேன்.

எதிரிதானே! ஐயாயிரம் மீட்டர் வேகநடைக்கு நம் கல்லூரியில் நாம் இரண்டு பெண்கள்தான்.

இன்று ஈஸ்டர். கோயில் பூட்டியிருக்கிறது. போன வாரம் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் நடந்தேன், போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் சாக்கடையிலிருந்து பப்பாளி மரம் வரை இருபத்திரண்டு மீட்டர், அதுதான் என் மைதானம். நான் இடுப்பை ஆட்டி நடப்பதைப் பார்த்து பக்கத்து வீட்டு நவமணி அக்கா, "ஏம்மா, இடுப்புல எறும்பு ஏறிடுச்சா?" என்று கேட்கிறார். கோச் நம் எல்லோருக்கும் கொடுத்த கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு ஆறாயிரம் காலடி காட்டுகிறது. நீ எத்தனை?

அன்புடன்,
சமந்தா


ஈப்போ
20.4.2020

அன்புள்ள எதிரிக்கு,

அப்பா முட்டைக்கோஸ் வாசனையோடு உன் கடிதத்தைக் கொண்டு வந்து தந்தார். மூன்று தடவை படித்தேன். நீயாவது பப்பாளி மரத்தைப் பார்க்கிறாய். எனக்கு நாலாவது மாடியின் நடைபாதைதான். இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு பத்துமலை மாமா மேலே வந்து, "தலைக்கு மேல குதிரை ஓட்டுறியா?" என்று ஒரு பிடி பிடித்தார். அதோடு சரி.

என் அக்கா புஷ்பலதா பிரசவத்துக்கு வந்தவள், ஊரடங்கால் இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைக்கு இரண்டு மாதம். ஸ்பிரிங் தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம். நின்றால் வீடே அலறும். தொட்டில் ஆட்டுவது என் வேலை. அம்மா ஆர்டருக்கு முறுக்கு சுடுகிறார். உடைந்ததெல்லாம் என் கணக்கு. இந்த வாரம் ஒன்றுகூட உடையாமல் போய்விட்டால் நானே உடைக்க வேண்டியதுதான்.

அடிக் கணக்கு பரவாயில்லை. கோச் குழுவில் போட்ட பட்டியலைப் பார்த்திருப்பாய்.

பெட்ரீசியாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கலா


சுங்கை சிப்புட்
10.5.2020

அன்புள்ள கலா,

பதினெட்டாயிரம்! தினமும் பதினெட்டாயிரம்! அலாமாக், தண்ணீர்த்தொட்டி மேட்டில் நின்று பட்டியலை இரண்டு தடவை படித்தேன். "கலாதேவியைப் பார்த்துக் கத்துக்கங்க, நாலு சுவத்துக்குள்ள என்ன செய்யறா பாருங்க" என்று கோச் எழுதியிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பத்துமலை மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாரா?

தனியாக ஓடலாம், நடக்கலாம் என்று இப்போது விட்டுவிட்டார்கள். விடிந்ததும் செம்பனைப் பாதைக்குப் போகிறேன். ஒன்பதாயிரம் வருகிறது, அதற்கே முழங்கால் கெஞ்சுகிறது. ஒரு மாதம் இருபத்திரண்டு மீட்டரிலேயே திரும்பித் திரும்பி இடது இடுப்பு பிடித்துக்கொண்டது.

இன்னொரு செய்தி. கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள். அம்மா சொல்வதும் நியாயம்தான். "காலேஜ் எப்ப திறக்கும்னு யாருக்குத் தெரியும்? நடந்து நடந்து எங்கடி போகப் போற?" என்கிறார். கோச் அடுத்த மாதம் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறாராம், ஒரு போட்டிக்கு ஒருவர்தான். முகாமுக்குக் கூப்பிட்டால் போகலாம், இல்லையென்றால் தொழிற்சாலை என்று அம்மாவிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன். அங்கே போனால் பன்னிரண்டு மணி நேர வேலை. அப்புறம் நடையும் இல்லை, படிப்பும் இல்லை.

ஆகவே எதிரியே, நான் இன்னும் வேகமாக நடக்கப் போகிறேன். ஜாக்கிரதை!

சமந்தா


ஈப்போ
24.5.2020

அன்புள்ள சமந்தா,

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். பிள்ளைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அம்மா உங்களுக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறார். இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

கலா


சுங்கை சிப்புட்
21.6.2020

அன்புள்ள கலா,

வெள்ளிக்கிழமை உன் பெயரை அறிவித்தார்கள் என்று, ஞாயிறு வரை பொறுக்காமல் நேற்றே போனை வாங்கி மேட்டில் ஏறியபோதுதான் தெரிந்தது. வாழ்த்துகள். நீ உழைத்தாய், உனக்குக் கிடைத்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருவதற்குள் சரியாகிவிட்டது.

தொழிற்சாலையில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஜூலை முதல் தேதி தொடக்கம். என் நடைச் சப்பாத்து உன் காலுக்குச் சரியாக இருக்கும், போன வருஷம்தான் வாங்கினேன். உடையப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நன்றாக நட.

சமந்தா


ஈப்போ
23.6.2020

சமந்தா,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே கோச் உன் அம்மாவுக்குப் போன் செய்திருப்பார். முகாமுக்கு நீதான் போகிறாய். தொழிற்சாலைக்கு வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடு.

நான் பதினெட்டாயிரம் நடக்கவில்லை. ஆயிரம்கூட நடக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் மாவு பிசையக் கடிகாரத்தைக் கழற்றி, தொட்டில் ஸ்பிரிங்கில் மாட்டினேன். பிள்ளை தூங்கி எழுந்தபோது பதினோராயிரம் காட்டியது. சத்தியமாக அன்றைக்கு அது விளையாட்டு. கோச்சிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் படம் எடுத்து அனுப்பினேன். நான் வாய் திறப்பதற்குள் எல்லோர் முன்னாலும் பாராட்டிவிட்டார். எப்போதும் உன் முதுகைப் பார்த்தே நடந்தவள் நான். யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. மறுநாளும் மாட்டினேன். அதற்கு மறுநாளும்.

வெளியே நடக்க விட்டதும் திடலுக்குப் போனேன். ஆறு கிலோ ஏறியிருக்கிறது. ஆயிரத்து நானூறு மீட்டரில் மூச்சு வாங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். உண்மைக் கணக்கை அனுப்பினால் பழையது பொய் என்று தெரிந்துவிடுமே என்று, மறுபடியும் தொட்டிலுக்கே போனேன். நீ தொழிற்சாலையைப் பற்றி எழுதிய பிறகும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதுதான் பெரிய பாவம். முறுக்கு அனுப்பினேன் பார், வெட்கம் கெட்டவள்.

நேற்று அப்பா உன் சப்பாத்தைக் கொண்டு வந்து வைத்தார். சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டேன். கோச்சைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றார். "நாலு, சார்." "அப்ப நாலு மாசப் பிள்ளையத்தான் முகாமுக்கு எடுத்திருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை. செப்டம்பரில் அவர் கண் முன்னால் ஐயாயிரம் நடந்து காட்ட வேண்டுமாம். அதுவரை நான் அணியில் இல்லை.

சப்பாத்து இதோடு வருகிறது. அதில் நான் கால் நுழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கலாதேவி


கல்லூரிப் பெண்கள் விடுதி
12.7.2020

கலா,

உன் கடிதத்தைக் கிழிக்க இரண்டு தடவை கையில் எடுத்தேன். பைபிளுக்குள் வைத்துவிட்டேன். அங்கே இருக்கும்போது கிழிக்க மனம் வராது.

கோபம் தீரவில்லை. உன் கணக்கைத் துரத்தித்தானே வலித்த இடுப்போடு நான் விடியற்காலையில் எழுந்து நடந்தேன்? துரத்தியது ஒரு தொட்டிலை! பெட்ரீசியா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு நாள் அவளோடும் பேசவில்லை. அம்மா மட்டும், "சொல்லிட்டால்ல, அதுவே பெருசு" என்றார். தொழிற்சாலைக்குத் தானே போன் செய்து, மகள் வரமாட்டாள் என்றும் சொல்லிவிட்டார். அம்மாவா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதல் நாள் சோதனையில் எனக்கு முப்பத்திரண்டு நிமிடம். மார்ச்சில் இருபத்தெட்டு. மற்றவர்களும் அப்படித்தான். குண்டு எறியும் பவித்ரன் ஒரு சுற்று ஓடிவிட்டு வாந்தி எடுத்தான். "அரிசி மூட்டைங்களா வந்திருக்கீங்க" என்று கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு மாதம் வீட்டில் இருந்த உடம்பு யாருக்கும் பொய் சொல்லாது போலிருக்கிறது. எனக்கு அது என்னவோ ஆறுதலாக இருந்தது. மாலையில் நிஜமான திடலில், திரும்பத் தேவையில்லாமல் நானூறு மீட்டரும் நடந்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

நாம் இருவரும் தங்கியிருந்த அதே அறையைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஓர் அறைக்கு ஒருவர்தானாம். நேற்று விடுதிப் பொறுப்பாளர் தினேஸ்வரி அக்கா வந்து, காலியாக இருக்கும் உன் கட்டிலின் மெத்தையை ஸ்டோருக்கு எடுக்கச் சொன்னார். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னம்மா இது?" என்றார்.

"இதை எடுக்காதீங்க அக்கா. செப்டம்பர்ல ஆள் வருது" என்றேன்.

சமந்தா