சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு

தேரூர்
18-4-1953

சௌபாக்கியவதி உலகம்மாளுக்கு ஆறுமுகப்பெருமாள் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு மாமா, அத்தை, நீ மூவரும் சுகமா?

இதற்கு முன் எழுதிய கடிதங்களில் எல்லாம் 'வீட்டுக்கு வா' என்றுதான் எழுதினேன். ஒன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தில் அந்தப் பேச்சே கிடையாது. நீ தைரியமாகக் கடைசி வரைக்கும் வாசிக்கலாம். இது முழுக்க முழுக்க சினிமா.

ஆமாம், சினிமாதான். எழுதுவது உன் புருஷனேதான், வேறு யாரும் இல்லை! கும்பப்பூ போகம் அறுத்து நெல்லும் பத்தாயத்துக்குப் போய்விட்டது. மழை விழுந்தால்தான் கன்னிப்பூ விதைக்கலாம். அது வரை வீட்டில் ஒற்றைக்கு உட்கார்ந்து என்ன செய்ய? சைக்கிள் கடை ரசலையன் வந்து, "விஷுவுக்கு நாரோயில்ல ரெண்டு புதுப்படமாக்கும். வாரும்வே, சும்மா கெடந்து என்னத்துக்கு?" என்று நாகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். கூட்டமா அது! சுசீந்திரம் தேரோட்டம் தோற்றது. என் ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது.

முதலில் 'நாகலோக நந்தினி'. பெண் பாம்பாகிறாள், பாம்பு பெண்ணாகிறது, எது எப்போது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆனால் பாதாள லோகம் என்று ஒரு செட் போட்டிருக்கிறான் பார், கொள்ளாம்! தூணுக்குத் தூண் பாம்பு. பாட்டுதான் கணக்கு வழக்கில்லாமல் வருகிறது. பாட்டு வரும்போதெல்லாம் நானும் ரசலையனும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் 'சந்திரபுரிச் சதி'. இதுதான் படம்! வாளை உருவினான் என்றால் மாடியில் தொடங்கிக் குதிரை லாயம் வரைக்கும் சண்டை. என்னைக் கேட்டால் கதாநாயகனை விட அந்தச் சேனாபதிதான் ஜோர். என்ன மீசை, என்ன நடை! அவன் சாகும்போது எனக்குப் பாவமாக இருந்தது. ராஜாவுக்கு ஆளத் தெரியவில்லை, அவன் ஆளுகிறேன் என்றான், இதில் என்ன தப்பு? கதாநாயகி சுமார்தான். மூக்கு சரியில்லை.

உன் அபிப்பிராயம் எப்படியோ?

இப்படிக்கு,
ஆறுமுகப்பெருமாள்


பூதப்பாண்டி
22-4-1953

தேரூர் திரு. ஆறுமுகப்பெருமாள் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற அநியாயத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் ஆகவில்லை.

பாட்டுக்கு எழுந்து போய் டீ குடித்தீர்களா? அட கடவுளே! நந்தினிக்குப் போவதே பாட்டுக்காகத்தானே! எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் ராஜபாய், என் சேக்காளி, இரண்டு படத்தின் பாட்டுப் புத்தகமும் வாங்கி வந்தாள். ராகம் தெரியாமல் நாங்களே ராகம் போட்டு எல்லாப் பாட்டையும் பாடித் தீர்த்தோம். அம்மை வந்து, "ஏட்டி, அடுப்புல பால் பொங்கி வழியுகு, இங்க என்ன கச்சேரி?" என்று சத்தம் போட்டாள். நந்தினி நாகலோகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு பாட்டு இருக்கிறது. அதை மட்டும் மூன்று தடவை பாடினோம். அந்த நேரம் ஐயா டீக்கடையில்!

சேனாபதி நல்லவனா? கிழட்டு ராஜாவுக்குப் பாலில் விஷம் கலந்தவன் நல்லவனா? மீசை ஒன்று இருந்துவிட்டால் போதுமா? கதாநாயகியின் மூக்கைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். அந்த மூக்குக்காகத்தான் பாதிப் பேர் டிக்கெட் எடுக்கிறார்கள்.

பாட்டுப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுகிறான் பாவி. எனக்கு உறக்கமே வரவில்லை. நந்தினி கடைசியில் பெண்ணாகவே இருந்தாளா, பாம்பாகப் போய்விட்டாளா? நாகர்கோவிலுக்கு வந்து பார்க்க எனக்கு வழியில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்தவள் சினிமாவுக்கு பஸ் ஏறினாள் என்று ஊர் பேசுமாம், அப்பா விடமாட்டார். நீங்கள்தான் எழுத வேண்டும்.

இதைக் கொண்டு நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தை மாசம் 'கண்ணீர்த் தொட்டில்' பார்க்கப் போனதை நான் மறக்கவில்லை. படத்தில் அவள் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்க அழுதது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்திருந்தேன். நம் பகவதி காய்ச்சலில் போனது ஆடியில். ஒன்றரை வயசுப் பிள்ளை. அவள் படுத்த தொட்டில்கூட அவிழ்க்காமல் கிடந்தது. அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பக்கத்திலிருந்து, ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவள், "எந்தப் பாவி இப்பம் சிரிக்கான்?" என்றாள். எனக்குத் தெரியாதா அது யார் சிரிப்பு என்று?

பகவதி போன அன்றும் நீங்கள் அழவில்லை. அதற்குப் பிறகு அவள் பேரைக்கூட வாயால் சொன்னதில்லை. ஏன் சிரித்தீர்கள் என்று வண்டியில் வரும்போது எத்தனை தடவை கேட்டேன்! மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தீர்களே தவிர, வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம்.

உலகம்மாள்

நந்தினி முடிவை மறந்துவிடாமல் எழுதவும்.


தேரூர்
27-4-1953

அன்புள்ள உலகம்மாளுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்காத குறை. அவர், "என்ன பிள்ளைவாள், லாட்டரி விழுந்துட்டா?" என்று கேட்டார்.

உனக்காக நந்தினியை இன்னொரு தடவை பார்த்தேன். இந்தத் தடவை டீ கிடையாது. பாட்டு தொடங்கியதும் பழக்கத்தில் ரசலையன் எழும்பினான். "உக்காரும்வே, பாட்டாக்கும்!" என்று வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நீ எழுதியது சரிதான். கிளம்பும்போது ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு போகிறாள். பாட்டு நின்ற பிறகும் அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என்னவோ செய்துவிட்டது உலகு. ரசலையன் மூக்கைச் சிந்தினான். ஜலதோஷம் என்று என்னிடம் சாதிக்கிறான்.

முடிவைச் சொல்கிறேன், கேள். பெண்ணாகத்தான் இருக்கிறாள். குடித்தனம் நடத்துகிறாள், கோலம் போடுகிறாள், எல்லாம் சரி. ஆனால் மழை வந்தால் மட்டும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்கிறாள். புருஷன் ஒன்றும் கேட்பதில்லை. அவனும் போய்ப் பக்கத்தில் நிற்கிறான். அதோடு வணக்கம் போட்டுவிடுகிறான்.

சேனாபதி விஷயத்தில் நான் மாறமாட்டேன். நீ எதை வேண்டுமானாலும் அடுப்பில் போடு.

இந்த வாரம் 'எதிர்வீட்டு எஞ்சினீயர்' வந்திருக்கிறது. எதிர்வீட்டுக்குக் குடிவருகிற எஞ்சினீயரைப் பெண்ணின் அப்பா கிணறு வெட்ட வந்தவன் என்று நினைத்து மண்வெட்டியைக் கொடுத்துவிடுகிறார். பெண்ணைப் பார்த்துவிட்டான் அல்லவா, ஒன்றும் சொல்லாமல் வெட்டுகிறான். படம் முழுக்க வெட்டுகிறான்! ஒரு டூயட்டில் இவன் கிணற்றுக்குள், அவள் கரையில். கடைசியில் தண்ணீர் பீறிட்டு வந்து மாமனாரையே நனைக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சிரித்தேன் என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தால் கடிதம் அசிங்கமாக இருக்கும், கிடக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. வயலைப் பற்றிக் கேள், எழுதுகிறேன். சினிமாவைப் பற்றிக் கேள், இப்போது அதுவும் எழுதுகிறேன். இது மட்டும் வரமாட்டேன் என்கிறது. என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே.

அன்புடன்,
ஆறுமுகப்பெருமாள்


பூதப்பாண்டி
3-5-1953

தேரூர்க்காரருக்கு,

மழையில் வாசலில் நின்றாளா! ஐயோ, எத்தனை அழகான முடிவு! ராஜபாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கையில் வைத்திருந்த சாக்கட்டியை ஒடித்துவிட்டாள். "ஒங்க அத்தான் நல்லா சொல்லுகாரே பிள்ளே, நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றாள். அது இருக்கட்டும். கிணற்றுக்குள் டூயட் என்றால் குரல் எதிரொலித்ததா? அவள் என்ன புடவை? இதையெல்லாம் எழுதுவதை விட்டுவிட்டு முன் பெஞ்சுக்காரரைப் பற்றி எனக்கு எதற்கு?

இங்கேயும் ஒரு விசேஷம். ஆற்றங்கரையில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருக்கிறார்கள்! வண்டியில் கொட்டடித்துக்கொண்டு தெருத்தெருவாக நோட்டீஸ் எறிந்தார்கள். நான் பாத்திரம் விளக்கிய கையோடு ஓடிப் பொறுக்கினேன். உள்ளூர்க் கொட்டகை என்பதால் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தால், முதல் படம் 'கண்ணீர்த் தொட்டில்'.

ராஜபாய் கூப்பிடுகிறாள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேரைப் பார்த்ததும் நோட்டீஸை மடித்து அரிசிப்பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் நடந்து போகிற தூரத்தில் ஒரு சினிமா ஓட, நான் வீட்டில் உட்கார்ந்து புளி கரைப்பதா? என்னால் அதுவும் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மனசாக இருக்கிறேன்.

சாப்பாடெல்லாம் எப்படி? டீயும் வடையும்தானா?

உலகம்மாள்


தேரூர்
6-5-1953

உலகு,

போகாதே.

நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. புடவை, எதிரொலி எல்லாம் பிறகு எழுதுகிறேன். அந்தப் படத்துக்கு மட்டும் போகாதே. மனசு கேட்காமல் போய்விட்டாயானால், மடியில் பிள்ளையைப் போடுகிற கட்டம் வருவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடு. பாட்டுக்கு எழுந்து போவதுதான் தப்பு. அதற்கு எழுந்து போவது தப்பில்லை. நீ அங்கே நான் இல்லாமல் உட்கார்ந்து அழுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெருமாள்


பூதப்பாண்டி
9-5-1953

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கார்டு வந்து சேரும் முன்பே நான் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?

ஆற்று மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் சுவருக்குப் பதில் ஓலைத்தட்டி. அன்றைக்கு நாகர்கோவிலில் பின்னால் இருந்தேன், முந்தானைக்குள் குனிந்திருந்தேன். இங்கே ராஜபாய் என்னை முன்னாலேயே கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். திரை கைக்கெட்டுகிற தூரம்.

அந்தக் கட்டம் வந்தது. கண்ணை மூடினேன். மூடினால் பகவதி தெரிந்தாள். அதனால் திறந்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். அவள் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைக்கிறாள், துணி விலகுகிறது, ஒரு கால் வெளியே வருகிறது. பொம்மைக்கால், அத்தான்! கோட்டாறு கடையில் கட்டித் தொங்கவிட்டிருப்பானே மரப்பொம்மை, அதே கால், விறைத்துக்கொண்டு நிற்கிறது. விரல்கூட ஒழுங்காக வரையவில்லை!

நான் சிரித்துவிட்டேன். மெதுவாக இல்லை, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி. ராஜபாய் தொடையில் கிள்ளினாள். பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி திரும்பி, "ஏட்டி, நீயும் ஒரு பொம்பிளையா? பிள்ள செத்துக் கெடக்கு, பல்லக் காட்டுகியே!" என்றாள்.

"இல்லக்கா, சாவல்லே. அது பொம்மையாக்கும்" என்றேன். சொன்னதுதான் தாமதம், அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு அழுகை ஆடியிலிருந்து நான் அழுததில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளை சாகவில்லை. ஒரு பிள்ளையாவது சாகவில்லை. அதை நினைத்துத்தான் சிரித்தேன், வேறு எதற்கும் இல்லை.

அப்போதுதான் உங்கள் சிரிப்பு எனக்குச் சரியாகக் கேட்டது.

நீங்களும் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? கால் வெளியே வந்ததும், பொம்மை என்று தெரிந்ததும், அதற்குத்தானே சிரித்தீர்கள்? நான் அன்றைக்குத் திரையையே பார்க்கவில்லை. பார்க்காமல் உங்களைப் பாவி என்று நினைத்து இத்தனை மாசம் இங்கே இருந்துவிட்டேன்.

நீளமாக எழுத வராது என்று தெரியும். எழுத வேண்டாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

உங்கள் உலகு


தேரூர்
11-5-1953

உலகு,

ஆமாம்.

பகவதிதான் மடியில் கிடக்கிறாள் என்று இருந்தேன். கால் தெரிந்ததும், அட, இது யார் பிள்ளையும் இல்லை என்று ஒரு ஆறுதல். அது சிரிப்பாக வந்துவிட்டது. வண்டியில் நீ கேட்டபோது அவள் பேரைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். சொன்னால் அழுதுவிடுவேன், நீ தாங்கமாட்டாய் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். மடையன். இப்போது எழுதிவிட்டேன் பார். பகவதி. பகவதி. எழுத்தெல்லாம் நனைந்துவிட்டது, மழை என்று நினைத்துக்கொள்.

நிஜமாகவே மழையும் பெய்கிறது. விதைக்க வேண்டியவன் விதைக்காமல் எங்கே கிளம்புகிறான் என்று ஊர் கேட்கும், கேட்கட்டும். வேலைக்கார இசக்கியிடம் வண்டி பூட்டச் சொல்லிவிட்டேன். இந்தக் கார்டு முந்துகிறதா, நான் முந்துகிறேனா பார்க்கலாம். அங்கிருந்து நாம் இரண்டு பேரும் நேரே நாகர்கோவில், 'சந்திரபுரிச் சதி' மத்தியானக் காட்சி. மேலே பால்கனியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காரலாமாம், ரசலையன் விசாரித்துச் சொன்னான்.

ஒன்று மட்டும். சேனாபதி சாகும்போது நீ சிரிக்கக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் பெருமாள்